கேம் மாஸ்டர் கதை எழுதுபவர் இல்லை

"ஒருத்தர் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து கதை சொல்வார். மற்றவர்கள் பகடை உருட்டிக்கொண்டே அந்தக் கதைக்குள் போவார்கள்." டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரியான ஆட்டங்களைப் பற்றிக் கேட்டால் பலரும் இப்படித்தான் சொல்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். அதை நம்பிக் கேம் மாஸ்டராக, அதாவது அந்தத் தடுப்புக்குப் பின்னால் இருக்கும் ஆளாக, உட்காரும்போதுதான் வம்பு.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். முதல் ஆட்டத்துக்கு 40 பக்கம் எழுதி வைத்திருந்தேன். ஏழு தலைமுறை அரச வம்சம், இரண்டு பெரும்போர், கடவுள்களுக்குள் நடந்த பங்காளிச் சண்டை, எல்லாம் அதில் உண்டு. ஆட்டத்தன்று நாலு பேரும் முதல் காட்சியில் ஒரு சத்திரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். வாசலில் ஒரு கழுதை நிற்கிறது, அதற்கு ஒரு காது இல்லை என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தேன். "காது என்னாச்சு?" என்று கேட்டான் அத்தை பையன். அவ்வளவுதான். இரண்டரை மணி நேரமும் கழுதை பின்னாலேயே போனது. ஏழு தலைமுறையும் பையை விட்டு வெளியே வரவே இல்லை.

அன்றைக்கு அவர்கள் மேல் கோபமாக இருந்தது. தப்பு என்னுடையது என்று புரிய ஒரு வருஷம் ஆனது. கேம் மாஸ்டரின் வேலை என்ன, ஆட்டத்துக்கு ஓர் உலகத்தை அமைப்பது என்றால் என்ன, இரண்டையுமே நான் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தேன். இந்தக் கட்டுரை அந்த இரண்டைப் பற்றித்தான். பகடையைக் கையால் தொட்டிராதவர்களும் படிக்கலாம்.

திருடன் போலீஸுக்கு ஒரு நடுவர்

சின்ன வயதில் திருடன் போலீஸ் விளையாடியிருப்பீர்கள். "டுமீல்! நீ செத்துட்டே." "இல்லையே, நான் செவுத்துக்குப் பின்னாடில்ல இருந்தேன்." இந்தச் சண்டை ராத்திரி சாப்பாடு வரைக்கும் தீராது. காரணம், செவுரு எவ்வளவு உயரம் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

இப்போது எல்லோரும் மதிக்கிற ஓர் அண்ணனைத் திண்ணையில் உட்கார வையுங்கள். "செவுரு உன் இடுப்பு உயரம்தான். குனிஞ்சிருந்தா தப்பிச்சிருக்கலாம், ஓடிட்டு இருந்தா சந்தேகம். தாயக்கட்டையை உருட்டு, பார்ப்போம்" என்கிறார் அவர். உருட்டியாயிற்று, முடிவும் தெரிந்தாயிற்று, ஆட்டம் தொடர்கிறது.

ரோல் பிளேயிங் கேம் என்பது அடிப்படையில் இதுதான். ஆளுக்கு ஒரு பாத்திரம்: ஒருவர் வில்லாளி, ஒருவர் மந்திரக்காரி, ஒருவர் பூட்டு உடைக்கத் தெரிந்த திருடன். அந்தப் பாத்திரம் என்ன செய்யும் என்பதை அவரவரே முடிவு செய்கிறார்கள். திண்ணை அண்ணன்தான் கேம் மாஸ்டர். அந்தப் பாத்திரங்களைத் தவிர மீதி எல்லாமே அவர் பொறுப்பு: சத்திரக்காரர், மழை, ஓநாய், கழுதை. இந்த மீதி உலகத்தை ஆட்டக்காரர்கள் செட்டிங் என்பார்கள். நான் இனிமேல் களம் என்றே சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் எங்கிருந்து வந்தார்?

கேம் மாஸ்டரின் பூர்வீகம் கதை சொல்லிகளின் வீடு இல்லை, ராணுவம். 1824-இல் பிரஷ்ய ராணுவத்தில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி, வரைபடத்தின் மேல் படைக் கட்டைகளை நகர்த்தி விளையாடும் போர்ப் பயிற்சி ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் இரு தரப்புக்கும் நடுவில் ஒரு நடுவர் உண்டு. விதிகளும் கணக்கு அட்டவணைகளும் பெருகிப் பெருகி அலுப்புத் தட்டியபோது, 1876-இல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி, "அட்டவணையை ஓரமாக வைப்போம், அனுபவமுள்ள நடுவர் சொல்வதே முடிவு" என்ற போக்கைக் கிளப்பிவிட்டார்.

கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து, அமெரிக்காவின் மினசோட்டாவில் போர் ஆட்டம் ஆடும் ஒரு கூட்டம். 1969-இல் டேவிட் வெஸ்லி என்பவர் அங்கே நடுவராக இருந்து, பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஜெர்மன் ஊரை வைத்து ஓர் ஆட்டம் நடத்தினார். படைத் தளபதிகள் மட்டும் இல்லாமல் மேயர், வங்கிக்காரர், பல்கலைக்கழகத் தலைவர் என்று ஊர்க்காரர்களின் பாத்திரங்களையும் கொடுத்துப் பார்த்தார். படைகள் மோதும் முன்பே ஆட்டம் கைமீறிவிட்டது. இரண்டு பேர் ஒற்றைக்கு ஒற்றை சண்டைக்கு நின்றார்கள். அதற்கு விதியே இல்லை, வெஸ்லி அந்த இடத்திலேயே யோசித்து முடிவு சொல்ல வேண்டியிருந்தது. ஆட்டம் சொதப்பிவிட்டது என்றுதான் அவர் நினைத்தார். வந்தவர்களோ இன்னொன்று வேண்டும் என்று நச்சரித்தார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த டேவ் ஆர்னசன் பிறகு பிளாக்மூர் என்ற மாயாஜாலக் களத்தை அமைத்து நடத்த, அவரும் விஸ்கான்சினில் இருந்த கேரி கைகாக்ஸும் சேர்ந்து 1974-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டார்கள்.

எனக்கு இந்த வரலாற்றில் பிடித்தது அந்தச் சொதப்பல்தான். நடத்துபவர் நினைத்தது நடக்காமல் போனதில்தான் இந்த ஆட்ட வகையே பிறந்திருக்கிறது.

இதுவரை: ஆட்டக்காரர்கள் தங்கள் பாத்திரத்துக்காக முடிவெடுக்கிறார்கள், கேம் மாஸ்டர் மீதி உலகத்தின் சார்பில் பதில் சொல்கிறார். அவர் முதலில் நடுவர், பிறகுதான் மற்றதெல்லாம்.

பகடையை எப்போது கையில் எடுப்பது?

மேசையில் நடப்பது ஒரே சுற்றுதான், திரும்பத் திரும்ப. கேம் மாஸ்டர் என்ன தெரிகிறது என்று சொல்கிறார். ஆட்டக்காரர் என்ன செய்கிறேன் என்று சொல்கிறார். அது பலிக்குமா என்று கேம் மாஸ்டர் முடிவு செய்கிறார். மூன்றாவது படியில் அவருக்கு மூன்று வழி: "சரி, நடந்துவிட்டது", "அது முடியாது", "உருட்டிப் பார்".

உருட்டுவது எப்படி என்றால், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் இன்றைய விதிப்படி 20 முகமுள்ள பகடை ஒன்றை உருட்டி, விழுந்த எண்ணோடு பாத்திரத்தின் திறமைக்கான எண்ணைக் கூட்ட வேண்டும். கேம் மாஸ்டர் மனதில் வைத்திருக்கும் இலக்கு எண்ணை அது தொட்டால் வெற்றி. சுலபமான காரியத்துக்கு இலக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கஷ்டமானதற்கு 20 என்று விதிநூலே சொல்லிக்கொடுக்கிறது. திருடனுக்குப் பதுங்கிப் போவதில் 5 என்று வைத்துக்கொள்வோம். இலக்கு 15. பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். 20-க்கு 11 வாய்ப்பு, அதாவது 55 சதவீதம். பாதிக்கு மேலே. நியாயம்தானே?

இங்கேதான் புதிய கேம் மாஸ்டர்கள் தெரியாமலே ஆட்டத்தைக் கொல்கிறார்கள். திருடன் கோட்டைக்குள் பதுங்கிப் போகிறான். வாசலில் ஒரு முறை உருட்டச் சொல்கிறார். முற்றத்தில் இன்னொரு முறை. மாடிப்படியில் ஒரு முறை, தாழ்வாரத்தில் ஒன்று, கடைசியில் கதவருகே ஒன்று. ஐந்து உருட்டலும் வென்றால்தான் மாட்டாமல் போக முடியும். ஒவ்வொன்றும் 55 சதவீதம்தான், ஆனால் ஐந்தும் சேர்ந்து பலிக்க வெறும் 5 சதவீதம். "என் திருடன் எப்போதும் மாட்டிக்கொள்கிறான், பகடை ராசி இல்லை" என்று அந்த ஆட்டக்காரர் நொந்துகொள்வார். ராசி ஒன்றும் கெடவில்லை. எத்தனை முறை உருட்டச் சொல்வது என்ற முடிவு, இலக்கு எண்ணை விடப் பெரியது. அது விதிநூலில் இல்லை, கேம் மாஸ்டரின் வாயில் இருக்கிறது.

நான் இப்போது ஒரு காரியத்துக்கு ஓர் உருட்டலோடு நிறுத்திக்கொள்கிறேன். உருட்டும் முன்பே, தோற்றால் என்ன ஆகும் என்றும் சொல்லிவிடுகிறேன். "தோத்தா காவல்காரன் முழிச்சுக்குவான், கூச்சல் போடுறதுக்கு முன்னாடி உனக்கு ஒரு நொடி இருக்கும்." தோற்றால் "ஒன்றும் ஆகாது, திரும்ப முயற்சி செய்" என்றுதான் சொல்லப்போகிறேன் என்றால், பகடையே வேண்டாம். பூட்டு திறந்துவிட்டது என்று சொல்லிவிட்டு மேலே போகலாம்.

தடுப்புக்குப் பின்னால் உருட்டி எண்ணை மாற்றிச் சொல்லலாமா என்பது இந்த வட்டாரத்தில் தீராத சண்டை. நான் தடுப்பையே எடுத்துவிட்டேன்.

இடமா வலமா என்பது தேர்வே இல்லை

"வழி இரண்டாகப் பிரிகிறது. இடமா, வலமா?" ஆட்டக்காரர்களுக்குச் சுதந்திரம் கொடுத்துவிட்டதாக நினைத்துக் கேம் மாஸ்டர் இப்படிக் கேட்பார். எதுவும் தெரியாமல் இடம் என்பதும் வலம் என்பதும் காசு சுண்டிப் பார்ப்பதும் ஒன்றுதான்.

அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "இடப்பக்கம் தரையெல்லாம் ஈரம், ஏதோ அழுகின வாடை. வலப்பக்கம் தூரத்தில் சிரிப்புச் சத்தம், ரெண்டு மூணு குரல் இருக்கும்." இப்போது மேசையில் பேச்சு கிளம்பும். "குரல் இருந்தா பேசிப் பார்க்கலாம்." "குடிச்சிட்டு இருந்தா அமுக்கிடலாம்." "வாடை வர்ற பக்கம் எவனும் காவல் நிக்க மாட்டான்." தேர்வு என்றால் இரண்டு வேண்டும்: இரண்டு வழிக்கும் வித்தியாசம் இருக்க வேண்டும், அது ஓரளவாவது முன்கூட்டித் தெரிய வேண்டும்.

இப்போது கேம் மாஸ்டர் ஒரு ராட்சசனைத் தயார் செய்து வைத்திருக்கிறார் என்று வையுங்கள். இடப்பக்கம் போனாலும் அங்கே நிற்பான், வலப்பக்கம் போனாலும் நிற்பான். இதற்குக் குவாண்டம் ஓகர் (ஓகர் என்றால் ராட்சசன்) என்று கிண்டலாகப் பேர் வைத்திருக்கிறார்கள். "அவர்களுக்குத்தான் எதுவும் தெரியாதே, என்ன நஷ்டம்?" என்று சிலர் வாதாடுவார்கள். தெரியாதவரை சரி. ஆனால் ஆட்டக்காரர்கள் ஆட்டிடையனுக்குக் காசு கொடுத்து, ராட்சசன் இடப்பக்கம் என்று துப்பு வாங்கி, வேண்டுமென்றே வலப்பக்கம் போகும்போதும் நீங்கள் அவனைத் தூக்கிக்கொண்டு வந்து வழியில் நிறுத்தினால், அவர்கள் பையில் கை விட்டதற்குச் சமம்.

என்ன செய்தாலும் நடத்துபவர் முன்பே நினைத்த இடத்தில்தான் போய் நிற்கும் என்றால், அந்தப் பழக்கத்துக்கு ரயில்ரோடிங் என்று பெயர், தண்டவாளம் போடுவது. இந்தச் சொல்லை இப்போது கண்டபடி வீசுகிறார்கள். "இளவரசியை மீட்கணும், அதுதான் இன்றைய ஆட்டம்" என்று முன்பே பேசி எல்லோரும் ஒப்புக்கொண்டு ஆடுவது தண்டவாளம் ஆகாது. அவளை எப்படி மீட்பது என்று அவர்கள் யோசித்த வழியை எல்லாம் ஒவ்வொன்றாக அடைத்து, நீங்கள் யோசித்த ஒரே வழியைத் திறந்து வைப்பதுதான் தண்டவாளம்.

நேர் எதிர்த் தவறும் உண்டு. தண்டவாளத்துக்குப் பயந்து, "பெரிய உலகம் இருக்கு, எங்க வேணும்னாலும் போங்க" என்று சொல்லிவிட்டுக் கை கட்டி உட்கார்வது. ஹோட்டலில் சர்வர் வந்து "என்ன வேணும்?" என்றால் நாம் திருப்பிக் கேட்பது "என்ன இருக்கு?" என்பதுதான். "இட்லி, பொங்கல், வடை இப்பத்தான் எடுத்தாங்க" என்று அவர் சொன்ன பிறகுதான் நமக்குப் பசியே ஒரு வடிவத்துக்கு வருகிறது. அப்புறம் அவர் பட்டியலில் இல்லாத ஆனியன் ரவா கேட்போம், அது வேறு விஷயம்.

இதுவரை: உருட்டலா வேண்டாமா, எத்தனை உருட்டல், என்னென்ன தகவலை வெளியே சொல்வது. கேம் மாஸ்டரின் பெரிய முடிவுகள் இவைதான்.

களம் என்பது வரலாறு இல்லை, இழுபறி

என் 40 பக்கம் ஏன் வீணானது? அதில் இருந்த எதைத் தெரிந்துகொண்டாலும் அத்தை பையன் செய்யப்போவது மாறியிருக்காது. மூன்றாம் தலைமுறை அரசன் பேர் என்னவாக இருந்தால் அவனுக்கு என்ன? கழுதைக் காது அப்படி இல்லை. யாரோ அறுத்திருக்கிறார்கள், ஏன் அறுத்தார்கள், அந்த ஆள் இங்கேயே இருக்கிறானா என்று அடுத்தடுத்து ஏதாவது செய்ய இடம் கொடுத்தது.

கைகாக்ஸ் எழுதி 1979-இல் வந்த 'தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்' என்ற சாகசப் புத்தகம் இதற்கு நல்ல உதாரணம். எல்லையில் ஒரு சின்னக் கோட்டை, கொஞ்ச தூரத்தில் குகைகள் நிறைந்த ஒரு பள்ளத்தாக்கு. குகைக்கு ஒரு கூட்டம்: கோப்ளின்கள், ஓர்க்குகள், கோபோல்டுகள் என்று மாயாஜாலக் கதைகளில் வரும் ஜந்துக்கள். அவர்களைப் பற்றி நீளமான புராணம் ஒன்றும் இல்லை. அதற்குப் பதிலாக இப்படிப்பட்ட விஷயங்கள் இருக்கின்றன: கோப்ளின்களை யாராவது தாக்கினால், அவர்கள் பக்கத்துக் குகையில் இருக்கும் ஓகருக்கு 250 பொற்காசு உள்ள பையை வீசி உதவிக்குக் கூப்பிடுவார்கள். கூட்டங்களுக்குள் பகை உண்டு, அதை ஆட்டக்காரர்கள் மூட்டிவிடலாம். கோட்டைக்குள் சிரித்த முகமாகப் பழகும் ஒரு பூசாரி உண்மையில் எதிரியின் ஆள்.

அந்த 250 காசைக் கவனியுங்கள். காசுக்கு வருகிறவன் கூடுதல் காசுக்கு உங்கள் பக்கமும் வருவானா? ஓகரை முதலில் தீர்த்துவிட்டால் கோப்ளின்கள் யாரைக் கூப்பிடுவார்கள்? ஒரு வரித் தகவல், அதிலிருந்து நாலு திட்டம். களம் என்று நான் சொல்வது இதைத்தான்: யாருக்கு என்ன வேண்டும், யார் குறுக்கே நிற்கிறார்கள் என்ற இழுபறி.

அதே புத்தகத்தில் ஊருக்குள் உலவும் 20 வதந்திகளின் பட்டியலும் உண்டு. சில உண்மை, சில பொய். "பிரீ-யார்க் என்றால் கோப்ளின் பாஷையில் சரணடைகிறோம் என்று அர்த்தம்" என்பது அதில் ஒன்று. சுத்தப் பொய். ஆபத்து என்று தங்கள் கூட்டத்தை உஷார்ப்படுத்தக் கோப்ளின்கள் கத்துவதே அதைத்தான். அதை நம்பி வாளைத் தாழ்த்தியவர்கள் எத்தனை மேசைகளில் அடி வாங்கினார்களோ.

1991-இல் வந்த டார்க் சன் என்ற களம் வேறு மாதிரி. பாலைவன உலகம். அங்கே உலோகம் அபூர்வம், சாதாரண மந்திரம் சுற்றியுள்ள செடி கொடிகளின் உயிரை உறிஞ்சித்தான் வேலை செய்யும். இந்த இரண்டு உண்மைகளே ஆட்டத்தின் ஒவ்வொரு நிமிஷத்தையும் தொடுகின்றன. எலும்பு வாள் சண்டையின் நடுவில் உடையும். மந்திரக்காரி கவனம் இல்லாமல் ஒரு மந்திரம் போட்டால் காலடிப் புல் சாம்பலாகும், பார்த்தவன் கல்லை எடுப்பான். வம்ச வரலாறு படிக்காமலே அந்த உலகத்தில் வாழ்ந்துவிடலாம்.

ஆகவே எழுதும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கேள்வி போதும்: இது தெரிந்தால் அவர்கள் செய்யப்போவது மாறுமா? மாறாது என்றால் அதை எழுதக்கூடாது என்று இல்லை, எழுதுவதில் ஒரு சுகம் இருக்கிறது. அது உங்களுக்காக எழுதியது என்று தெரிந்து எழுதினால் போதும்.

ஒரு பக்கக் களம்

அதே நாலு பேரோடு அடுத்து நடத்திய ஆட்டத்துக்கு நான் எழுதியது ஒரே பக்கம். ஓர் ஏரி. மேலூர்க்காரர்கள் ஏரியின் உள்வாயில் பயிர் வைத்திருக்கிறார்கள், தண்ணீர் ஏறினால் அது மூழ்கும். கீழூர்க்காரர்களுக்கு அறுவடை வரைக்கும் தண்ணீர் நிற்க வேண்டும். ராத்திரியில் யாரோ மடையைத் திறந்துவிடுகிறார்கள். மடைக்குள் ஒன்று தூங்குகிறது. மேலே தண்ணீர் இருக்கும்வரை அது எழுந்திருக்காது. இரண்டு ஊருக்கும் இது தெரியாது, கிழட்டு நீர்பாய்ச்சிக்கு மட்டும் தெரியும்.

கூடவே ஒரு கடிகாரம். நிஜக் கடிகாரம் இல்லை. ஒரு வட்டம் போட்டு ஆறு பங்காகப் பிரித்தேன். யாரும் தடுக்காமல் ஓர் இரவு போனால் ஒரு பங்கைக் கறுப்பாக்குவேன். ஆறும் கறுத்தால் ஏரி வற்றும், உள்ளே இருப்பது எழும். அபோகலிப்ஸ் வேர்ல்ட் என்ற 2010-ஆம் ஆண்டு ஆட்டத்தில் இந்த உத்தி இருக்கிறது, அதற்குப் பிறகு பல ஆட்டங்களில் பரவிவிட்டது. நான் கதையைத் தள்ள வேண்டியதில்லை. அவர்கள் சும்மா இருந்தாலும் உலகம் நகர்ந்துகொண்டிருக்கும்.

ஆட்டத்துக்கு முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்து, எந்த மாதிரி ஆட்டம் வேண்டும், எது மேசைக்கு வரவே கூடாது என்று பேசிக்கொண்டோம். இதை செஷன் ஜீரோ என்பார்கள். குழந்தைகளுக்கு ஆபத்து வரும் காட்சி வேண்டாம் என்றார் ஆபீஸ் நண்பர். நீர்பாய்ச்சியின் பேத்தி தொலைந்துபோவதாக இருந்ததை அடித்துவிட்டேன்.

மடையைத் திறப்பது யார் என்று கண்டுபிடித்து அவனைப் பிடிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அதற்காக மூன்று துப்பு வேறு வைத்திருந்தேன்; ஒன்றே ஒன்று வைத்தால் அதைக் கண்டிப்பாகத் தவறவிடுவார்கள், இது அனுபவம். அவர்கள் மூன்றையும் கண்டுபிடித்தார்கள், ஆளையும் கண்டுபிடித்தார்கள், அவனை விட்டுவிட்டார்கள். "அவன் வயலும் மூழ்கத்தானே செய்யுது, பாவம்" என்றார்கள். அப்புறம் அத்தை பையன் கேட்டான்: "உள்ள இருக்கிறதுக்கு என்ன வேணும்?"

என் பக்கத்தில் பதில் இல்லை. கிழவர் சொன்னதையெல்லாம் ஒரு தடவை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "அதுவும் ஒரு காலத்தில் நீர்பாய்ச்சிதான். காவல் மாத்த ஆள் வரும்னு காத்துக்கிட்டு இருக்கு" என்றேன். பேசிப் பார்க்கிறோம் என்றார்கள். இலக்கு 15, ஒரே உருட்டல், தோற்றால் அது பிணை கேட்கும் என்று முன்பே சொன்னேன். மந்திரக்காரி உருட்டினாள். 8 விழுந்தது, அவள் திறமை 3, மொத்தம் 11.

யாரைப் பிணையாக விடுவது என்று இருபது நிமிஷம் சண்டை. கடைசியில் ஆபீஸ் நண்பர்தான் சொன்னார்: "நம்ம கூட வந்த கழுதை இருக்கே."

ஒரு காது இல்லாத அந்தக் கழுதை இப்போது மடையோரம் கட்டிக் கிடக்கிறது. அதை மீட்கத்தான் ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூடுகிறோம். கடிகாரத்தில் இன்னும் இரண்டு பங்கு பாக்கி.